காட்டில் பிறந்த ஒரு பெயர்

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதற் கிழமையை மலேசியாவின் பினாங்குத் தீவில் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களுடன் வேலை செய்யும் சமூகப் பணியாளர்களுக்காக ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை ஒன்று அங்கு நடந்தது. ஜோர்ஜ் டவுன் நகரின் பழைய தெரு ஒன்றில் இருந்த சிறிய விடுதியில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு சீனப் பெண்மணி அதை நடத்தி வந்தார். வருகின்றவர்கள் எல்லோரும் அவரை 'அன்ரி' என்றே கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அன்ரியின் குடும்பப் பெயர் லிம். முதல் நாள் மாலை அவருடைய கணவர் வாசலில் நின்றபோது, "குட் ஈவினிங், மிஸ்டர் லிம்" என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். உள்ளேயிருந்து அன்ரி அதைவிடப் பலமாகச் சிரித்தார்.

"லிம் நான். அவர் டான். கலியாணம் முடித்தால் பெயரையும் கொடுத்துவிட வேண்டுமா?" என்று கேட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், சீனச் சமூகம் இறுக்கமான தந்தைவழிச் சமூகம் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்த வாக்கியம் பிழையானதல்ல. ஆனால் அந்தச் சமூகத்தில் பெண் திருமணத்தின் பின்பும் தன் தந்தையின் குடும்பப் பெயரோடுதான் வாழ்கிறாள் என்பதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'மேடம் லிம்' என்று ஒருவரை அழைத்தால், அவர் லிம் என்பவரின் மனைவி அல்ல. லிம் குடும்பத்தில் பிறந்த, மணமான பெண். அன்று நான் விட்ட பிழைதான் அந்தக் கிழமை முழுவதும் அந்தப் பெயரின் பின்னால் என்னை நடக்க வைத்தது.

ஒரே எழுத்து, பல உச்சரிப்பு

பினாங்கில் லிம் என்ற பெயரைத் தேடிப் போகத் தேவையில்லை. கடைப் பலகையில், வைத்தியரின் கதவில், தேர்தல் சுவரொட்டியில் எங்கும் அது இருக்கிறது. பினாங்கு மாநிலத்தில் இதுவரை பதவி வகித்த முதலமைச்சர்கள் ஐவரில் இருவர் லிம்கள்: 1969 முதல் 1990 வரை லிம் சோங் யூ, 2008 முதல் 2018 வரை லிம் குவான் எங். கெந்திங் மலை உல்லாச நகரை உருவாக்கிய லிம் கோ தோங்கும் அந்தப் பெயர்க்காரரே. சிங்கப்பூரில் சீனர்களிடையே அதிகமாகக் காணப்படும் மூன்று குடும்பப் பெயர்கள் டான், லிம், லீ என்பனவாகும்.

சீன எழுத்தில் 'மரம்' என்பதைக் குறிக்கும் குறியை இரண்டு தரம் அருகருகே எழுதினால் 'காடு' என்று பொருள். அந்த எழுத்துத்தான் இந்தப் பெயர். சீனாவின் பொதுமொழியில் அதை லின் என்று வாசிப்பார்கள். பூஜியான் மாகாணத்தின் தென்பகுதியிலிருந்து வந்த ஹொக்கியன் மக்களுக்கு அது லிம். கன்ரனீஸ் பேசுவோருக்கு லாம். பூஜோ நகரத்தாருக்கு லிங். வியட்நாமில் அது லாம். கொரியாவில் இம் அல்லது லிம். யப்பானில் அதே எழுத்தை ஹயாஷி என்று வாசிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருள்ள யப்பானியர்களில் பெரும்பாலானோர் சீன வழியினர் அல்லர். எழுத்து ஒன்று, பொருளும் ஒன்று, வழி வேறு.

குடியேறிய நாட்டில் யாரோ ஒரு எழுதுவினைஞர் தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிந்துவிட்டார். அதுவே பரம்பரைக்கும் நிலைத்துவிட்டது. இதனால் ஒரே வழியில் வந்தவர்கள் ஒரு நாட்டில் லிம்மாகவும் இன்னொரு நாட்டில் லாமாகவும் இருக்கிறார்கள். சில இடங்களில் பெயரை மறைக்கவும் நேர்ந்தது. 1966 இல் இந்தோனேசிய அரசு, சீன வம்சாவளியினர் இந்தோனேசிய முறையிலான பெயர்களுக்கு மாறும்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. லியெம் என்பவர்கள் சலிம் என்றும் ஹலிம் என்றும் மாறினார்கள். பழைய ஓசையைப் புதிய பெயருக்குள் ஒளித்து வைத்தார்கள் என்றும் சொல்லலாம். அந்நாட்டின் பெரும் வர்த்தகரான லியெம் சியோ லியோங், சுடோனோ சலிம் ஆனது அப்படித்தான்.

சீனாவில் மிக அதிகமான பெயர்கள் வாங், லி, ஜாங், லியு, சென் ஆகிய ஐந்துமாகும். 2020 ஆம் ஆண்டுக்கான அரசாங்கக் கணக்கின்படி மக்கள் தொகையில் நூற்றுக்கு முப்பது பேர் இந்த ஐந்து பெயர்களுக்குள் அடங்குகிறார்கள். லின் அந்தப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வருகிறது. ஆனால் தென்கிழக்குக் கரைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. பூஜியானில் சென்னும் லின்னும்தான் முன்னணியில். தாய்வானில் நூற்றுக்கு எட்டுப் பேர் லின். சென்னுக்கு அடுத்த இடம். வடக்கில் சாதாரணமாக இருக்கும் ஒரு பெயர் கடற்கரையில் இவ்வளவு பெருகியது எப்படி? அதற்கு விடை தேடிப் போனால், முதலில் ஒரு பெண் வருகிறாள்.

காட்டுக்குள் ஓடிய தாய்

அந்தக் கதையை அன்ரி எங்களுக்குச் சொன்னது ஏப்ரல் 4 ஆம் திகதி இரவு. அன்று செங் பெங் நாள். பினாங்குச் சீனர்கள் மூதாதையரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து, உணவு படைத்து, ஊதுபத்தி ஏற்றும் நாள் அது. விடியப் புறத்தில் போன அன்ரி, வெயிலில் கறுத்த முகத்தோடு திரும்பி வந்திருந்தார். கணவரின் பெற்றோருடைய கல்லறைக்கும் போய், தன் பெற்றோருடைய கல்லறைக்கும் போய் வந்ததாகச் சொன்னார்.

"முந்தி என்றால் கலியாணம் முடித்த பெண் புருசன் வீட்டுக் கல்லறைக்குத்தான் போக வேண்டும். இப்போது யார் கேட்கிறார்கள்? கார் ஓட்டுவது நான்தானே!"

மூவாயிரம் வருடங்களுக்கு முன்பு ஷாங் வம்சத்தின் கடைசி மன்னன் கொடுங்கோலனாக இருந்தான். அவனுடைய சிறிய தந்தையான பி கான் அவனுக்கு நேர்மையாகப் புத்தி சொன்னார். ஞானிகளின் இதயத்தில் ஏழு துவாரங்கள் இருக்குமாமே, பார்ப்போம் என்று சொல்லி, மன்னன் அவருடைய நெஞ்சைப் பிளக்க வைத்தான். அப்போது பி கானின் மனைவி கர்ப்பிணி. குலத்தையே அழிக்க ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்து, அவள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தாள். அங்கேயே ஒரு ஆண் பிள்ளையைப் பெற்றாள். பின்னர் சௌ வம்சத்து வூ மன்னன் ஷாங் அரசை வீழ்த்தியபோது, அவள் பிள்ளையோடு வெளியே வந்தாள். காட்டில் பிறந்தவன் என்பதால் மன்னன் அந்தப் பிள்ளைக்கு லின் என்ற குடும்பப் பெயரைக் கொடுத்தான். அவனுக்கு இட்ட பெயர் ஜியான். அதற்கு உறுதி என்று பொருள்.

"அந்தத் தாயின் பெயர் என்ன, அன்ரி?" என்று கேட்டேன்.

"சென் குடும்பத்தவள் என்று சொல்வார்கள்."

"அது தகப்பன் வீட்டுப் பெயரல்லவா? அவளுடைய சொந்தப் பெயர்?"

அன்ரி சற்று யோசித்தார். "அதை எவரும் சொன்னதில்லை" என்றார்.

இது மரபுக் கதை. பி கான் பழைய நூல்களில் பேசப்படுகின்ற ஒருவர். ஹெனான் மாகாணத்தின் வெய்ஹுய் நகரில் அவருக்குக் கோயில் இருக்கிறது. கி.பி. 494 இல் வட வெய் அரசின் சியாவோவென் பேரரசன் அதைக் கட்டுவித்தான். உலகின் பல பாகங்களிலிருந்தும் லின்களும் லிம்களும் இன்றும் அங்கு போய் வருகிறார்கள். ஆனால் எல்லா லின்களும் ஒரே பிள்ளையின் வழித்தோன்றல்கள் அல்லர். கோயில் கட்டிய அதே பேரரசன்தான், 496 இல், தன் வடபுலத்து இனத்தவர்கள் சீனப் பெயர்களை ஏற்க வேண்டும் என்று கட்டளையிட்டான். அப்போது சியுலின் என்ற குலத்தவர் லின் ஆனார்கள். தாய்வானின் பழங்குடி மக்கள் மீதும் பிற்காலத்தில் சீனப் பெயர்கள் ஏற்றப்பட்டன. குடும்பப் பெயர் என்பது இரத்தத்தால் மட்டும் வருவதில்லை; ஆட்சியாலும் பதிவேட்டாலும் வருகிறது. ஆனாலும் மக்கள் மனதில் நின்றது பேரரசனின் கட்டளையல்ல. வயிற்றுப் பிள்ளையோடு காட்டுக்குள் ஓடிய ஒரு தாய்தான்.

எங்கள் பட்டறையில் அன்று பகல் முழுவதும், போரில் கணவனை இழந்த தாய்மார் பற்றித்தான் கதைத்திருந்தோம். அதனால் அந்தக் கதை எனக்குப் பழைய கதையாகப் படவில்லை.

கடல் மேல் ஒரு தெரு

பட்டறை முடிந்த மறுநாள் சனிக்கிழமை. அன்ரி எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றார். பினாங்கின் வெல்ட் கீ கரையோரமாகக் குலத் துறைகள் இருக்கின்றன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பலகைப் பாதை, அதன் இரு பக்கமும் மரக்கால்களின் மேல் நிற்கும் வீடுகள். ஒவ்வொரு துறையும் ஒரு குடும்பப் பெயருக்கு உரியது: லிம் துறை, சியூ துறை, டான் துறை, லீ துறை. பூஜியானின் தோங்கான் பகுதியிலிருந்து வந்த கூலிகளும் படகோட்டிகளும் மீனவர்களும் தங்கள் பெயர்க்காரர் இருந்த துறையில்தான் முதலில் கால் வைத்தார்கள். கையில் காசில்லை, மொழி தெரியாது, ஆனால் 'நானும் லிம்' என்று சொன்னால் படுக்க ஒரு பாயும் மறுநாள் வேலையும் கிடைத்தன. பெயரே கடவுச்சீட்டு, பெயரே பிணை.

சியூ துறையில் உல்லாசப் பயணிகளின் கூட்டம். லிம் துறை அமைதியாக இருந்தது. பலகைகளுக்குக் கீழே அலை தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் இருந்த ஒரு முதிய பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கதவின் மேலே 'மேற்கு ஆறு' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் கொண்ட பலகை. வடசீனாவில் ஒரு காலத்தில் லின்கள் செல்வாக்கோடு இருந்த சீஹ பிரதேசத்தின் பெயர் அது என்று அன்ரி விளங்கப்படுத்தினார். அந்த ஆற்றைக் கண்டிராத பெண், கடலுக்கு மேல் உட்கார்ந்து, அதன் பெயரின் கீழ் வெங்காயம் உரிக்கிறார். இந்தத் துறைகளும் நிரந்தரமானவை அல்ல. கோய் குடும்பத்தாரின் துறை 2006 இல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மாடி வீடுகள் எழுந்தன.

வடக்கின் ஆற்றிலிருந்து தெற்கின் கடலுக்கு இந்தப் பெயர் வந்ததற்கும் போர்தான் காரணம். கி.பி. 311 இல் மேற்கு ஜின் அரசின் தலைநகர் வீழ்ந்தது. அந்தக் குழப்பக் காலத்தில் எட்டுக் குடும்பங்கள் வடக்கிலிருந்து பூஜியானுக்கு வந்தன என்பது மரபு. அவற்றில் ஒன்று லின். மலையும் கடலும் நெருக்கும் அந்த மாகாணத்தில் வயல் குறைவு. ஆகவே பிள்ளைகள் கப்பல் ஏறினார்கள். பூஜியானில் பெருகிய பெயர், பூஜியான்காரர் சென்ற இடமெல்லாம் பெருகியது. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1933 இல் ஆங்கிலேய ஆட்சியினர் சீன ஆண்களின் வருகையைச் சட்டத்தால் மட்டுப்படுத்தியபோது, 1938 வரை பெண்களுக்கு அந்த வரையறை இருக்கவில்லை. அந்த இடைவெளிக்குள் பெருந்தொகையான பெண்கள் வேலை தேடி மலாயாவுக்கு வந்தார்கள். அன்ரியின் பாட்டியும் அந்த வருடங்களில்தான் வந்தாராம்.

கடலைக் காக்கும் அத்தை

துறையிலிருந்து பழைய நகருக்குள் நடந்து லிம் குடும்பத்தாரின் கொங்சிக்குப் போனோம். கொங்சி என்பது ஒரே பெயர்க்காரரின் சங்கமும் கோயிலும் சேர்ந்த இடம். மூதாதையரின் பெயர்ப் பலகைகளுக்குப் பக்கத்தில், கிரீடம் சூடிய ஒரு பெண் தெய்வத்தின் சிலை இருந்தது. "இவ எங்கள் அத்தை" என்று அன்ரி சாதாரணமாகச் சொன்னார்.

அந்தத் தெய்வம் மாட்சு. தென்சீனக் கடலோரம் முழுவதும் மீனவர்களும் மாலுமிகளும் வணங்குகின்ற தாய். மரபின்படி அவள் கி.பி. 960 இல், பூஜியானின் புத்தியான் பகுதியிலுள்ள மெய்சோ தீவில், லின் குடும்பத்தில் பிறந்தவள். பிறந்து ஒரு மாதமாக அழவில்லை என்பதால் மோ, அதாவது மௌனி, என்று பெயரிட்டார்கள். லின் மோ. தறியில் இருந்தபடியே மயங்கி, புயலில் அகப்பட்ட தகப்பனையும் சகோதரனையும் காப்பாற்றினாள் என்று கதை. மணம் முடிக்காமல், 987 இல், இருபத்தெட்டாவது வயதில் மறைந்தாள். பின்வந்த அரசர்கள் அவளுக்குப் பட்டத்தின் மேல் பட்டம் கொடுத்தார்கள். 1684 இல் அவள் 'விண்ணரசி' ஆனாள். 2009 இல் மாட்சு வழிபாட்டை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மற்றவர்களுக்கு அவள் விண்ணரசி. லின்களுக்கோ அவள் வீட்டுப் பெண். அப்பப்பாவின் சகோதரியைக் கூப்பிடும் சொல்லாலேயே அவளையும் கூப்பிடுகிறார்கள். மகள்மாரைக் குலப் புத்தகத்தில் எழுதாத ஒரு சமூகம், மணமாகாமல் இறந்த ஒரு மகளின் சிலைக்கு முன்னால் ஆயிரம் வருடமாக ஊதுபத்தி ஏற்றி வருகிறது. இந்த முரணை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

இந்த அத்தைக்கும் எங்கள் நாட்டுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. கொழும்பு நூதனசாலையில் ஒரு மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்தளபதி செங் ஹ 1409 ஆம் ஆண்டு என்று பொறித்துக் கொண்டுவந்த கல் அது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரிலும் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. பாடசாலைச் சுற்றுலாவில் நாங்கள் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் கல். அதே செங் ஹ, 1431 இல் பூஜியானின் சாங்லெ துறைமுகத்தில் இன்னொரு கல்லை நட்டார். தன் கடற்பயணங்களைக் காத்தவள் லின் குடும்பத்து அந்தத் தாய்தான் என்று அதில் நன்றி சொல்கிறார். இலங்கையின் ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோன 1411 ஆம் ஆண்டுச் சம்பவத்தையும் அவளுடைய துணையால் கிடைத்த வெற்றியாகவே அந்தக் கல் சொல்கிறது. உயிர் காத்த பெண்ணைப் போருக்கும் சாட்சியாக்கிவிட்டார்கள். அதைச் சொன்னபோது அன்ரி சிலையை நிமிர்ந்து பார்த்து, "அவளைக் கேட்டா எழுதினார்கள்?" என்றார்.

புத்தகத்தில் இல்லாத பாட்டி

கொங்சியின் முன் விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தபோது, அன்ரி தங்கள் குடும்பத்தின் பரம்பரைப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். தலைமுறை தலைமுறையாக ஆண் பிள்ளைகளின் பெயர்கள் அதில் எழுதப்பட்டு வருகின்றன. மருமகளாக வந்தவளுக்கு ஒரு வரி உண்டு. ஆனால் அதில் அவளுடைய தகப்பன் வீட்டுப் பெயர் மாத்திரமே இருக்கும். 'டான் குடும்பத்தவள்', 'ஓங் குடும்பத்தவள்'. மகள்மாருக்கு வரியே இல்லை. அவர்கள் வேறு வீட்டுக்குப் போகிறவர்கள்.

"சில வருடங்களுக்கு முன்பு அண்ணன்மார் புத்தகத்தைத் திருத்தி அச்சிட்டார்கள். மகள்மாரையும் போட வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். போட்டார்கள். இப்போது என் பெயர் இருக்கிறது. என் தங்கையின் பெயரும் இருக்கிறது. பாட்டியின் பெயரையும் எழுதுவோம் என்றேன். அப்போதுதான் பார்த்தோம், அவருடைய பெயர் எவருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் பாட்டி. தாத்தாவுக்கு அவர் 'ஏய்'. கல்லறைக் கல்லிலும் டான் குடும்பத்தவள் என்றுதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் செத்துப் போய்விட்டார்கள்."

அன்ரி அதைச் சொல்லி அழவில்லை. தேநீர்க் கோப்பையை மட்டும் நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

அப்போதுதான் அவருடைய முதல் நாள் சிரிப்பு எனக்கு முழுதாக விளங்கியது. தன் குடும்பப் பெயரைக் கணவனுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது ஒரு பெருமை. ஆனால் அந்தப் பெயர் தகப்பனுடையது. அதை அவள் சுமக்கலாம். பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அன்ரியின் மூன்று பிள்ளைகளும் டான்கள்.

சீனாவில் இந்த நிலையைச் சட்டம் மாற்ற முயன்றது. 1950 ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் கணவன், மனைவி இருவருக்கும் தத்தம் பெயரை வைத்திருக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தது. 1980 ஆம் ஆண்டின் சட்டம், பிள்ளை தகப்பனின் பெயரையோ தாயின் பெயரையோ எடுக்கலாம் என்றது. ஆனால் 2020 இல் பிறந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தபோது, தாயின் பெயரைப் பெற்ற ஒரு பிள்ளைக்குத் தகப்பனின் பெயரைப் பெற்ற பிள்ளைகள் பன்னிரண்டு பேர். சட்டம் கதவைத் திறந்து நாற்பது வருடமாகியும், உள்ளே போனவர்கள் கொஞ்சப் பேர்தான்.

விசித்திரம் என்னவென்றால், குடும்பப் பெயர் என்பதற்கான சீன எழுத்திலேயே 'பெண்' என்ற குறியும் 'பிறப்பு' என்ற குறியும் சேர்ந்திருக்கின்றன. மிகப் பழைய பெயர்களான ஜீ, ஜியாங், யாவோ ஆகியவற்றின் எழுத்துகளுக்குள்ளும் பெண் குறி இருக்கிறது. ஒரு காலத்தில் பெயர் தாய்வழியாக வந்ததன் அடையாளம் இது என்று சில அறிஞர்கள் கூறுவர், மற்றவர்கள் மறுப்பர். எப்படியோ, எழுத்துக்குள் இருக்கும் பெண் புத்தகத்துக்குள் இல்லை.

லின் குடும்பத்துப் பெண்கள் சிலர் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். லின் ஹுய்யின் (1904 - 1955) சீனாவின் புராதன கட்டடங்களைத் தேடித் தேடி அளந்து பதிந்தவர். 1924 இல் அவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடக்கலை படிக்கப் போனபோது, அந்தத் துறையில் பெண்களுக்கு இடமில்லை. நுண்கலையில் சேர்ந்து, கட்டடக்கலைப் பாடங்களையும் படித்தார். அவருக்குரிய கட்டடக்கலைப் பட்டத்தை 2024 இல், அவர் இறந்து அறுபத்தொன்பது வருடங்களின் பின், அந்தப் பல்கலைக்கழகம் வழங்கியது. அவருடைய தந்தைக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த தம்பியின் மகள் மாயா லின். 1981 இல், இருபத்தொரு வயது மாணவியாக இருந்தபோது, வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்கான நினைவுச் சின்னத்தை வடிவமைக்கும் போட்டியில் வென்றவர். அவருடைய வடிவமைப்பில் சிலை இல்லை, வாள் இல்லை. கறுப்புக் கல்லில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். தாய்மார் வந்து பெயரைத் தேடி, விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில்

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். எங்கள் பக்கத்தில் குடி என்று ஒன்று உண்டு. சீனரின் குடும்பப் பெயரைப் போலவே, ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. ஆனால் எங்கள் குடி தாய்வழியாக வருகிறது. பிள்ளை தாயின் குடியைத்தான் சேரும். 'வயிற்றுவார்' என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது அந்த வழியைத்தான். "குடி கேட்டா எண்ட குடியைச் சொல்லு மகள்" என்று அம்மம்மா சிறுவயதில் சொல்லித் தந்தது நினைவிருக்கிறது. அன்ரியிடம் இதைச் சொன்னபோது அவர் கண்களை அகல விரித்தார். "அப்படியென்றால் உங்கள் பாட்டியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்குமே!" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது.

போர் முடிந்த சில வருடங்களில் படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நடமாடும் சேவை நடந்தது. தொலைந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் மீளப் பெறுவதற்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் வந்து உட்கார்ந்தார். கணவர் காணாமற் போனவர். "உங்கட பெயர் என்ன அக்கா?" என்று கேட்டேன். கணவரின் பெயரைச் சொல்லி, "அவர்ட பொஞ்சாதி" என்றார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னார். எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ வரிசைகளில், அந்த ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற கிழவி ஒருவர், "இவ இன்ன குடி" என்றார். குடி உடனே வந்தது. பெயர் வரச் சற்று நேரமெடுத்தது. தன் பெயரைச் சொன்னபோது அந்த அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார், யாரோ ஒருவரின் பெயரைச் சொல்வதுபோல.

தாய்வழியைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் குடி எந்தப் படிவத்திலும் இல்லை. படிவத்தில் இருப்பது தகப்பனின் பெயர், பிறகு கணவனின் பெயர். சீனத்தியின் பெயர் குலப் புத்தகத்தில் இல்லாமற் போனது. எங்கள் பெண்களின் வழி வாய்ப்பேச்சில் மட்டும் நின்றுவிட்டது. வாய்ப்பேச்சைச் சொல்லக்கூடியவர் இறந்தால் அதுவும் போய்விடும். அன்ரியின் பாட்டிக்கு நடந்தது அதுதான்.

ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு கொப்பியோடு அம்மம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எண்பத்து மூன்று வயது. காது மந்தம், ஞாபகம் நல்லது. அவருடைய தாயின் பெயரைக் கேட்டேன், சொன்னார். அந்தத் தாயின் தாயைக் கேட்டேன், சொன்னார். அதற்கும் மேலே கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அது சரியான பெயரா, செல்லப் பெயரா என்று அவருக்கே நிச்சயமில்லை. அதற்கு மேல் போகவில்லை.

"இதை ஏன் மகள் எழுதுறாய்?" என்று கேட்டார்.

"சீனாவில ஒரு தாய், காட்டுக்குள்ள ஓடிப் பிள்ளையைப் பெற்றவவாம் அம்மம்மா. அந்தப் பிள்ளையின்ட பெயரில இன்டைக்கு உலகமெல்லாம் சனம் இருக்கு. அவட பெயரை மட்டும் ஒருத்தருக்கும் தெரியாதாம்."

அம்மம்மா கொப்பியை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "எண்ட பெயர் எங்க இருக்கு?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் வயது முதிர்ந்த ஒரு பெண் இருக்கக்கூடும். அவரைப் பாட்டி என்றோ, ஆச்சி என்றோ, உம்மும்மா என்றோ நீங்கள் கூப்பிடலாம். அவருடைய பெயரையும், அவருடைய தாயின் பெயரையும் இந்த மாதமே கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.